தடுப்பு அறிவியலில் பிஎச்.டி.: பண்ருட்டித் தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில்

கேள்வி: எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பண்ருட்டி. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து, புதுச்சேரியில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் இரண்டு வருடம் களப்பணி செய்தேன். கல்யாணமாகி, துணைவருக்கான எச்-4 விசாவில் அமெரிக்கா வந்து நான்கு மாதம் ஆகிறது. இங்கே தடுப்பு அறிவியல் என்று ஒரு பிஎச்.டி. இருக்கிறதாம். என் படிப்புக்கு ஒத்துவருமா? எங்கிருந்து ஆரம்பிப்பது? தெரிந்த அக்கா, அண்ணன் யாராவது சொல்லுங்கள்.

பதில்: பொங்கலுக்குக் கடலூர் வந்திருக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நானும் எம்.எஸ்.டபிள்யூ.தான், எச்-4ல்தான் போனேன். இப்போது இந்தத் துறையில் நான்காம் வருடம்.

உங்கள் படிப்பு தாராளமாக ஒத்துவரும் தங்கச்சி. உளவியல், சமூகப்பணி, பொதுச் சுகாதாரம், கல்வியியல் என்று பல பக்கமிருந்தும் ஆட்கள் வருகிற துறை இது. போதைப் பழக்கம், வன்முறை, தற்கொலை, பள்ளி இடைநிற்றல் இதெல்லாம் வருவதற்கு முன்பே எதை மாற்றினால் தடுக்கலாம், மாற்றியதால்தான் தடுத்தோம் என்று எப்படிக் காட்டுவது, இதுதான் இங்கே படிப்பு. அந்த இரண்டாவது பாதியைத்தான் நம் ஆட்கள் விண்ணப்பத்தில் விட்டுவிடுகிறோம். நானும் முதல் முறை விட்டேன். ஆறு இடத்தில் போட்டேன், ஆறும் கிடைக்கவில்லை.

ஏன் படிக்க வருகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் கட்டுரைதான் எஸ்.ஓ.பி. அந்த முதல் எஸ்.ஓ.பி.யில், எங்கள் மாவட்ட மக்களிடம் விழிப்புணர்வு இல்லை, படித்து வந்து விழிப்புணர்வு ஏற்படுத்துவேன் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். மறுவருடம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு களப்பணியில் கணக்கெடுக்கப் போன ஒரே ஒரு வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். முந்திரி பூக்கும் நேரம் அது, மருந்து அடிக்கிற காலம். பூச்சிமருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேள்வித்தாளில் ஒரு கேள்வி. அந்த வீட்டு அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய், அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து பாதி பாட்டிலை எடுத்து வந்து காட்டினார். மூடி தொலைந்துபோய், பழைய புடவைத் துணியைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தது. "வெளிய வெச்சா யாராச்சும் எடுத்துட்டுப் போயிடுவாங்கம்மா, விக்கிற வெலைக்கு" என்றார். அது விஷம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். பேரன் கைக்கு எட்டக்கூடாது என்றுதான் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார். அவருக்கு வேண்டியது விழிப்புணர்வு இல்லை, வைக்க ஓர் இடம்.

அங்கிருந்து ஆய்வுக்குள் போனேன். நம் மாவட்டத்திலேயே காட்டுமன்னார்கோயில் பக்கம், ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில் பூட்டுப் பெட்டிகள் வைத்துப் பூச்சிமருந்தைச் சேமிக்கும் முறையை, தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சென்னை ஸ்நேகா அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் சோதித்துப் பார்த்து, 2013ல் கட்டுரை வெளியிட்டார்கள். இலங்கையில் 180 கிராமங்களை எடுத்து, ஒரு பகுதிக்கு மட்டும் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் பூச்சிமருந்து குடிக்கும் தற்கொலை முயற்சியில் வித்தியாசம் இல்லை என்று 2017ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. அதே இலங்கையில் 1995 முதல் கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அரசு தடை செய்துகொண்டே வந்தது. பத்து வருடத்தில் தற்கொலை விகிதம் பாதியாகிவிட்டது. நல்ல மனசோடு கொடுத்த பெட்டி ஏன் உதவவில்லை, கட்டடம் உதவுமானால் எதனால் உதவும் என்று எழுதினேன். நேர்காணலில் மூன்று பேராசிரியர்களும் அதைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள். உங்கள் களப்பணியிலும் இப்படி ஒரு வீடு நிச்சயம் இருக்கும். பழைய குறிப்பு நோட்டை வீட்டில் யாரையாவது படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம், எங்கே போடுவது? இந்தப் பெயரிலேயே பிஎச்.டி. தருகிற இடங்கள் குறைவு. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம், ஆரிகன் பல்கலைக்கழகம் இரண்டும் தருகின்றன. வாஷிங்டன் ஸ்டேட்டின் வான்கூவர் வளாகம் என்றதும் கனடா என்று நினைக்காதீர்கள், போர்ட்லண்டுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. மற்ற இடங்களில் வேறு பெயரில் இருக்கும்: பென் ஸ்டேட்டில் மனித வளர்ச்சி மற்றும் குடும்பவியல் துறை, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மனநலத் துறை. அதனால் துறையின் பெயரைத் தேடாதீர்கள், உங்கள் ஆய்வுக் கேள்வியோடு ஒத்துப்போகும் பேராசிரியரைத் தேடுங்கள். ஆய்வுகளுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்.ஐ.எச்.சின் ரிப்போர்ட்டர் தளத்தில் அவர் பெயரைப் போட்டால் எந்த நிதி எந்த வருடம் முடிகிறது என்று வரும். அடுத்த வருடம் முடியப் போகிறது என்றால் உங்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று யோசிக்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் பத்து வரியில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இந்த வருடம் மாணவர் எடுக்கிறீர்களா என்று நேராகவே கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பணம், விசா இரண்டையும் ஊன்றிப் படியுங்கள். எச்-4ல் படிக்கலாம், தடையில்லை. ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு அல்லது கற்பித்தல் உதவியாளர் பணிக்குச் சம்பளம் வாங்க முடியாது. இங்கே பிஎச்.டி.க்கு ஃபீஸ் தள்ளுபடியும் மாதச் சம்பளமும் பெரும்பாலும் அந்தப் பணி வழியாகத்தான் வரும். ஆகவே இடம் கிடைத்ததும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறியாக வேண்டும். அதில் படிப்பு நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். இன்னொன்று, என்.ஐ.எச்.சின் டி32, எஃப்31 என்ற பயிற்சி உதவித்தொகைகள் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். இது தெரியாமல் ஒரு டி32 திட்டத்தை நம்பி எஸ்.ஓ.பி. முழுக்க எழுதி வைத்திருந்தேன். பேராசிரியரின் சொந்த ஆய்வு நிதியில் வருகிற உதவியாளர் பணிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் 1லிருந்து ஜனவரிக்குள் வந்துவிடும். இந்த வருடச் சேர்க்கையை விட்டுவிடுங்கள். பத்து மாதம் கையில் இருக்கிறது, அதற்குள் ரிக்ரஷன் என்ற புள்ளியியல் முறையும், அதற்கு உதவும் ஆர் மென்பொருளும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வை இப்போது பல இடங்களில் கேட்பதில்லை. டோஃபல் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், ரொம்ப முன்னாலேயே எழுதிவிடாதீர்கள்.

பல்கலைக்கழகம் தரும் மதிப்பெண் விவரமான டிரான்ஸ்கிரிப்ட்டை இப்போதே கேட்டு வையுங்கள். எனக்கு இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில் சீல் வைத்த கவர் வீட்டுக்கு வந்ததும், மகள் மார்க்கைப் பார்க்கிற ஆசையில் அப்பா பிரித்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து. வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா விண்ணப்பத்திலும் போடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். நம் ஊரில் "நீயே எழுதி எடுத்துட்டு வாம்மா, கையெழுத்துப் போடறேன்" என்பார்கள். வேண்டாம். ஒரே கை எழுதிய மூன்று கடிதமும் படித்த உடனே தெரிந்துவிடும். நீங்கள் செய்த வேலையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, அவர்களையே எழுதச் சொல்லுங்கள். உங்கள் திட்டத்தை நடத்தியவர்தான் முதல் ஆள். வகுப்பில் பார்த்தவரைவிட, வெயிலில் நீங்கள் வீடு வீடாக ஏறி இறங்கியதைப் பார்த்தவர் எழுதுவது பலம்.

கேள்வி: ரொம்ப நன்றி அக்கா. அவருக்கு டல்லாஸில் வேலை. வேறு ஊரில் இடம் கிடைத்தால் என்ன செய்வது என்றுதான் வீட்டில் பேச்சே நிற்கிறது.

பதில்: எங்கள் வீட்டிலும் அங்கேதான் நின்றது. விண்ணப்பம் போடும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். இடம் கிடைத்த பிறகு பேசினால் ஏப்ரல் 15 வந்து நிற்கும். நிதியுதவியோடு கிடைத்த இடத்துக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அன்றுதான் பதில் சொல்லக் கடைசி நாள். நாங்கள் இரண்டு வருடம் தனித்தனி ஊரில் இருந்தோம். முதல் குளிர்காலம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். வகுப்புகள் முடிந்து ஆய்வு எழுதும் கட்டத்தில் சில இடங்களில் வெளியூரிலிருந்தே வேலை செய்ய விடுகிறார்கள். நேர்காணலில் அதைக் கேளுங்கள். உங்கள் ஆய்வுக் கேள்வியை அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள், மாசக் கடைசி வரை ஊரில்தான் இருப்பேன், பொறுமையாகப் படித்துச் சொல்கிறேன்.