வேத அறிவு வளர்கிறது, குணம் ஏன் வளர்வதில்லை?

கேள்வி: வாலிபர் ஐக்கியப் பொறுப்பாளர்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை ஆண்டுதோறும் வாசித்து முடிப்பவர்களும், உபவாசக் கூட்டங்களைத் தடுமாற்றமின்றி நடத்துகிறவர்களும் எங்கள் ஐக்கியத்தில் இருக்கிறார்கள். ஆயினும், கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிப்பாடல் யாருக்கு என்பதில் எழுந்த மனத்தாங்கலால், அவர்களில் இருவர் பாடகர் குழுவில் ஒரே வரிசையில் நின்று பாடிக்கொண்டே மாதக்கணக்கில் பேசாமலிருக்கிறார்கள். ஆவிக்குரிய முதிர்ச்சியை எதை வைத்து அறிவது? அதில் வளர நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

பதில்: ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்

தம்பி, கொரிந்து சபையை நினைத்துப் பாருங்கள். யாதொரு வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் சொன்ன அப்போஸ்தலன் பவுல், மூன்றாம் அதிகாரத்தில் அதே மக்களைக் குழந்தைகள் என்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் அவர்களுக்குள் இருந்த பொறாமையும் வாக்குவாதமும் பேதகங்களும்தான். வரம் ஒரே நாளில் கிடைக்கக்கூடும், ஆவியின் கனியாகிய நற்குணங்கள் அப்படி வருவதில்லை. கலாத்தியர் 5-ஆம் அதிகாரம் சொல்லும் நீடிய பொறுமை, தயவு, சாந்தம் ஆகியவை எல்லாம், நம்மை எரிச்சலூட்டும் ஒருவர் எதிரில் இருக்கும்போதுதான் உண்டா இல்லையா என்று தெரியவருகின்றன. எங்கள் சேகரத்தில் கமிட்டித் தேர்தலில் தோற்ற பெரியவர் ஒருவர், அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தம்மை வென்றவரோடு ஒரே மேசையில் அமர்ந்து, சில்லறையைத் தனியாகப் பிரித்துக் காணிக்கை எண்ணினார். அவர் ஒரு நாளும் பிரசங்க மேடை ஏறியவரல்லர். முதிர்ச்சி என்றால் எனக்கு அவர் முகமே நினைவுக்கு வருகிறது.

பதில்: ஒரு சகோதரி

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வளர்ச்சிக்குக் காலம் தேவை, உடனிருந்து தாங்குகிறவர்களும் தேவை. இயேசுவை ஏற்றுக்கொள்ளாத சமாரியர் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கட்டளையிடலாமா என்று கேட்ட சீஷர்களில் யோவானும் ஒருவர் (லூக்கா 9:54). அதே யோவான் பின்னாளில் பேதுருவுடன் சமாரியாவுக்குப் போய், அங்கே விசுவாசித்தவர்கள் பரிசுத்த ஆவியைப் பெறும்படி ஜெபம்பண்ணினார் (அப்போஸ்தலர் 8). மாற்குவை எடுத்துக்கொண்டால், ஊழியத்தின் நடுவே விட்டுப் பிரிந்துபோன அவரை மறுபடியும் அழைத்துச் செல்லப் பவுல் சம்மதிக்கவில்லை. பவுலின் உடன் ஊழியரான பர்னபாதான் அவரைச் சேர்த்துக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பலேறினார். தமது கடைசி நாட்களில் அந்த மாற்குவையே கூட்டிக்கொண்டுவரும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். உங்கள் குழுவில் அந்த இருவருக்கும் பர்னபாவாக இருக்க யார் முன்வருகிறார்கள் என்று பாருங்கள், தம்பி.

பதில்: மெதடிஸ்ட் சபை உறுப்பினர்

நடைமுறையில் பயன்பட்ட ஒரு வழியைச் சொல்கிறேன். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், கூட்ட மண்டபத்தின் கடனை அடைப்பதற்காக, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் மக்கள் ஏறக்குறைய 12 பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரிந்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கத் தீர்மானித்தார்கள். பணம் வாங்க வீடு வீடாகச் சென்ற தலைவர்கள், ஒருவர் மனைவியோடு சண்டையிடுவதையும் இன்னொருவர் குடித்திருப்பதையும் கண்டு வெஸ்லியிடம் தெரிவித்தார்கள். கடனுக்காகத் தொடங்கிய ஏற்பாடு, ஒருவர் ஆத்துமாவை மற்றவர் விசாரிக்கும் வாராந்தரக் கூட்டமாக மாறியது இப்படித்தான். ஆராதனையில் தெரியாத நம் குணம் வீட்டு வாசலில் தெரிந்துவிடுகிறது. நன்மை தீமையைப் பகுத்தறியும் திறன் பயிற்சியினால் வருவதாக எபிரெயர் 5:14 சொல்கிறது. தனியாக வாசிப்பதோடு நின்றுவிட்டால் அந்தப் பயிற்சிக்கு இடமில்லை.

கேட்டவர்

மிக்க நன்றி. நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுக்களாக, வாரம் ஒருமுறை வீடுகளில் கூடலாம் என்று போதகரிடம் கேட்கவிருக்கிறேன். இதில் நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில்: ஒரு சகோதரி

உண்டு, தம்பி. குழுவில் ஒருவர் மனந்திறந்து சொன்னது, அடுத்த கூட்டத்தில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் சபை முழுவதும் பரவிவிடக் கூடாது. ஒருமுறை அப்படி நடந்தால் பிறகு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். முதல் நாளிலேயே இதை எல்லாரும் ஒப்புக்கொண்ட பின்பு தொடங்குங்கள்.