மருந்தாளர் திறமையானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இப்போது முட்டிவலி. போன வாரம் டவுன் ஃபார்மசியில் கேட்டதும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை நீட்டிவிட்டார்கள். "வேற மருந்து சாப்பிடுறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா பிரஷருக்குப் பெரிண்டோபிரில் எடுப்பவர். நாலாம் நாள் கால் வீங்கிவிட்டது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பதில்:
தங்கச்சி, முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த இரண்டும் சேர்ந்தால் வயதானவர்களின் சிறுநீரகத்துக்கு ஆபத்து. நானும் மருந்தாளர்தான். 1951 மருந்தாளர் பதிவுச் சட்டப்படி பதிவு, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்றிதழ் எல்லாம் எங்களுக்கு உண்டு. ஆனால் கவுண்டரில் நிற்பவரெல்லாம் மருந்தாளர் இல்லை, "ஃபார்மசிஸ்ட் இருக்காரா?" என்று கேளுங்கள். சான்றிதழ் படித்ததைத்தான் சொல்லும். திறமை அவர் கேட்கும் கேள்வியில் தெரியும்: சிறுநீரகம், வயிற்றுப்புண், அலர்ஜி.

பதில்:
நான் பழைய தோட்ட டிரசர், தோட்ட ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளராக இருந்தவன். வீட்டிலுள்ள மாத்திரை அத்தனையும் கொண்டுபோம்மா. பொறுமையாகப் பார்க்கிறவரை விடாதே.

கேட்டவர்:
நன்றி அண்ணா, ஐயா. டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார், வீக்கம் வடிகிறது. நேற்று மாத்திரை அத்தனையும் போட்ட மைலோ டின்னோடு வேறு ஃபார்மசிக்குப் போனேன். அங்கிருந்த மருந்தாளர் அக்கா ஒவ்வொரு அட்டையாக மேசையில் பரப்பினார். இரண்டு வேறு பெயரில் ஒரே பிரஷர் மருந்து, அம்லோடிபின்! அம்மா இரண்டையும் சாப்பிட்டு வந்திருக்கிறார். அந்த அக்கா உடனே கிளினிக்குக்குப் போன் போட்டுப் பேசினார்.