கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டாச்சு, பெண்கள் உட்கார மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

கேள்வி – பட்டுப்பிரிவு_மதுரை

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவுக்கு ஃப்ளோர் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் பொறுப்பில் 14 பெண்கள். நானும் 9 வருடம் கவுண்டரில் நின்று சேலை விரித்தவள்தான், அதனால் அவர்கள் கால் வலி எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போன ஆடித் தள்ளுபடியில் ஒரு பொண்ணு மயங்கி விழுந்துவிட்டாள். 22 வயது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். "காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தாய்?" என்று டாக்டர் கேட்டார். என்னைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மடக்கு" என்றாள். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல். எங்கள் பெண்களுக்கான பாத்ரூம் நான்காவது மாடியில், குடோனுக்குப் பின்னால். லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும். ஏறி இறங்க 10 நிமிடம் ஆகும். போகாதே என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். நானும் அந்த வயதில் அதைத்தான் செய்தேன்.

முதலாளியிடம் போய்ப் பேசினேன். அவர் நல்ல மனிதர், மறுவாரமே 6 ஸ்டூல் வந்து இறங்கியது. நான்கு மாதமாகிறது, இரண்டு ஸ்டூலில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "கேமராவில் பார்த்தா சும்மா இருக்கேன்னு நெனைப்பாங்கக்கா" என்றாள் ஒருத்தி. "படியேறி வர்ற கஸ்டமர் நான் உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தா பக்கத்து கவுண்டருக்குப் போயிடுவாங்க, என் இன்சென்டிவ் போயிடும்" என்றாள் இன்னொருத்தி. எல்லாரையும்விட மூத்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி கடை மூடும்போது கொலுசைச் சற்றே மேலே தள்ளிக் காட்டினார். கணுக்காலைச் சுற்றிக் கொலுசின் ஒவ்வொரு கண்ணியும் சதையில் பதிந்திருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நிரம்ப நேரமாகிறது.

இவர்களை எப்படி உட்கார வைப்பது? உத்தரவு போட்டு உட்கார வைக்க முடியாது. வேறு கடைகளில் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில் 1 – பிசியோ_திருச்சி

அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட். ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள்.

காலிலிருந்து ரத்தம் மேலே ஏறுவதற்குக் கெண்டைக்கால் தசைதான் பம்பு. நடக்கும்போது தசை இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். ரத்தக் குழாயில் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் அதைத் திரும்ப இறங்க விடாமல் பிடிக்கும். ஒரே இடத்தில் நின்றால் பம்பு ஓடாது, ரத்தம் கீழேயே தேங்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் வால்வு தளர்ந்து, நாம் நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறோமே, அந்த வெரிகோஸ் வரும். அதனால் நாள் முழுக்க உட்காருவதும் தீர்வில்லை. கொஞ்சம் உட்கார்ந்து, கொஞ்சம் நின்று, நடுவே நடப்பதுதான் நல்லது.

நின்றுகொண்டே குதிகாலை 20 தடவை தூக்கி இறக்கச் சொல்லுங்கள். கவுண்டருக்குள் செங்கல் உயரத்துக்கு ஒரு பலகை போட்டு, கால் மாற்றி மாற்றி வைக்கலாம். கிரானைட் தரையில் ரப்பர் விரிப்பு போட்டால் இடுப்புக்கும் நல்லது. இறுக்கமான ஸ்டாக்கிங் வாங்குவதானால் கால் அளவெடுத்து வாங்கி, காலையில் வீக்கம் வருவதற்கு முன்பே போட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

அந்த மூத்த அக்காவை அவசியம் டாக்டரிடம் அனுப்புங்கள். குழி விழுகிற வீக்கத்துக்கு நிற்பது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. சிறுநீரகம், இதயம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். யாருக்காவது ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலியும் சூடும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பதில் 2 – தொழிற்சங்கத்_தோழர்

சகோதரி, உட்காருவது சலுகை இல்லை, உரிமை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்பது அதன் சாரம். ஆலைத் தொழிலாளிக்கு இது 1948இலேயே ஆலைச் சட்டத்தில் வந்துவிட்டது. கடைப் பெண்களுக்கு வருவதற்கு 73 வருடம் ஆனது.

நமக்கு முன்பு 2018இல் கேரளம் செய்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண் கடைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போராடியதன் பலன் அது. அவர்களும் முதலில் கேட்டது கழிப்பறைதான், நாற்காலி அப்புறம்தான் வந்தது. நீங்களும் லிஃப்ட் விஷயத்தை முதலில் முடியுங்கள்.

இன்னொன்று. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, பிடிக்கிறார்களா என்று பாருங்கள். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. தகுதி இருந்தால், டாக்டர் சான்றோடு லீவு எடுக்கும்போது 70 சதவீதச் சம்பளம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். இது தெரியாமல் காய்ச்சலோடு வந்து நிற்கிற பெண்கள் எத்தனையோ பேர்.

பதில் 3 – ஜவுளிவீட்டுப்_பிள்ளை

எங்கள் குடும்பத்துக்கு ஜவுளிதான் தொழில். தாத்தா காலத்தில் கடை முழுக்க மெத்தை விரித்திருக்கும். விற்கிறவரும் உட்கார்ந்திருப்பார், வாங்குகிறவரும் எதிரே உட்கார்ந்திருப்பார். சேலையை மடியில் வைத்துத்தான் பிரிப்பார்கள். யாருக்கும் அது மரியாதைக் குறைவாகத் தெரியவில்லை. கண்ணாடி கவுண்டர் வந்த பிறகுதான் நிற்பது மரியாதை ஆயிற்று. இதை உங்கள் முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள், அவர் வீட்டிலும் பெரியவர்கள் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்.

உங்கள் ஸ்டூல் எவ்வளவு உயரம்? நாங்கள் முதலில் ஒன்றரை அடி ஸ்டூல் வாங்கி ஏமாந்தோம். கவுண்டர் மூன்றடி. உட்கார்ந்தால் ஆளின் தலை மட்டும்தான் வெளியே தெரியும். கஸ்டமர் ஆள் இல்லை என்று நினைத்து நகர்ந்துவிடுவார். அந்தப் பெண் இன்சென்டிவ் போகும் என்று சொன்னது உண்மைதான். இரண்டேகால் அடியில், கால் வைக்கக் கம்பியோடு செய்து வாங்கினோம். உட்கார்ந்தாலும் முகம் நேருக்கு நேர் இருக்கும், எழுவதும் சுலபம். இன்சென்டிவையும் ஆள் கணக்கில் தராமல் பிரிவுக்கு மொத்தமாகக் கொடுத்துப் பகிர்ந்துகொள்ளச் சொன்னோம். அதற்கப்புறம்தான் முறை வைத்து உட்கார ஆரம்பித்தார்கள்.

கேள்வி கேட்டவர் – பட்டுப்பிரிவு_மதுரை

ஜவுளிவீட்டு அண்ணா, டேப் வைத்து அளந்தேன். ஒன்றரை அடியேதான்! நான்கு மாதமாகப் பெண்களுக்குத் தைரியம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவர்களிடம் மன்னிப்பும் கேட்டேன். பட்டறையில் சொல்லி இரண்டேகால் அடியில் 2 ஸ்டூல் செய்யச் சொல்லி, நேற்று வந்தது. முதலில் நானே கேமராவுக்கு நேராக உட்கார்ந்து ஸ்டாக் நோட்டு எழுதினேன். பதினொன்றரை மணி இருக்கும், மூத்த அக்கா வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சேலை மடித்துக்கொண்டே அரை மணி நேரம் இருந்தார்.

லிஃப்டுக்கு முதலாளி சரி என்றுவிட்டார். இன்சென்டிவ் பற்றிப் பொங்கல் கழித்துப் பேசலாம் என்றார், விடமாட்டேன். தோழர் சொன்னபடி சம்பளச் சீட்டு பார்த்தோம், 14 பேரில் 3 பேருக்கு இஎஸ்ஐ கார்டே கைக்கு வரவில்லை. நாளை ஆபீஸில் கேட்கிறேன். அக்காவை வியாழக்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

பிசியோ மேடமா சாரா தெரியவில்லை, அந்த ரப்பர் விரிப்பு எத்தனை மில்லிமீட்டர் கனத்தில் வாங்க வேண்டும்? மதுரையில் அளவுக்கு வெட்டிக் கொடுக்கிற கடை தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.