கலைச்சொல் உதவி: புரோட்டாகனிஸ்ட், கதாநாயகன் இல்லையென்றால் யார்?

அனைவருக்கும் வணக்கம்.

திறனாய்வு அறிமுக நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பாத்திரங்களைப் பற்றிய இயலை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கதையைத் தன் செயலால் தாங்கிச் செல்பவரைக் குறிக்கும் 'புரோட்டாகனிஸ்ட்' வரும் இடமெல்லாம் இதுவரை 'கதாநாயகன்' என்றே போட்டு வந்தேன். நேற்று மாட்டிக்கொண்டேன். புரோட்டாகனிஸ்ட் ஹீரோவாக இருக்க வேண்டியதில்லை என்கிறது மூலம். என் தமிழில் அது "கதாநாயகன் கதாநாயகனாக இருக்க வேண்டியதில்லை" என்று வந்து நிற்கிறது. அடுத்த பத்தியில் ஆன்டகனிஸ்ட், அதாவது அவரை எதிர்த்து நிற்பவர். 'எதிர்நாயகன்' என்று எழுதலாமென்றால், அதைத்தான் நாயகக் குணங்கள் இல்லாத நாயகனான ஆன்டி-ஹீரோவுக்குப் பலரும் எழுதி வருகிறோம். நான்குக்கும் நான்கு சொல் வேண்டும், ஒன்றோடொன்று முட்டாமல்.

– ம.

---

ம. அவர்களுக்கு,

வகுப்பில் எனக்கும் இதே சிக்கல். 'கதாநாயகன்' என்றதும் பிள்ளைகள் நல்லவனைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அதுவும் ஆண்பால். சிலப்பதிகாரத்தில் யார் என்று கேட்டால் பாதிப்பேர் கோவலன் என்கிறார்கள். 30 காதைகளில் 16ஆவதான கொலைக்களக் காதையிலேயே அவன் இறந்துவிடுகிறான். அப்புறமும் கதை நடக்கிறதே, யாருடைய முடிவால் நடக்கிறது என்று கேட்பேன். அங்கேதான் அவர்களுக்குப் புரியும். எனவே 'மையப் பாத்திரம்' என்று சொல்லிக்கொடுக்கிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் பொருந்தும். நல்லவரா கெட்டவரா என்ற தீர்ப்பும் அதில் இல்லை.

– செ.

---

> 'மையப் பாத்திரம்' என்று சொல்லிக்கொடுக்கிறேன்

அம்மா, மன்னிக்க வேண்டும். பாத்திரம் வடசொல். 'கதைமாந்தர்' இருக்கும்போது அது எதற்கு? எதிரிணை தேவையென்றால் 'சார்மாந்தர்', 'எதிர்மாந்தர்' என்று வைக்கலாம். ஒருவர் சார்பாக, மற்றவர் எதிராக.

– இ.

---

இ. ஐயா அவர்களுக்கு வணக்கம்.

'சார்' பொருந்தாது. அந்தக் கிரேக்கச் சொல்லின் முன்னொட்டுக்குச் 'சார்பு' என்று பொருள் இல்லை. 'புரோட்டோஸ்' என்றால் முதல். 'அகோனிஸ்டேஸ்' என்றால் போட்டியில் இறங்குபவன், நடிகன் என இரண்டும். முதல் நடிகன் என்பதே மூலப்பொருள். கிரேக்க நாடக ஆசிரியர்களில், நடிகரின் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து இரண்டாக ஈஸ்கிலசும், மூன்றாகச் சோபக்ளீசும் உயர்த்தியதாக அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' நூலில் சொல்கிறார். அந்த மூவரில் முதல்வன்தான் இவன்.

போட்டியாளன், நடிகன் என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் தமிழில் இல்லையா? இருக்கிறது: பொருநன். "எம்முளும் உளன்ஒரு பொருநன்" என்று அதியமானைப் பற்றிப் பகைவரிடம் ஔவையார் பாடுகிறாரே (புறம் 87), அங்கே பொருநன் போர்வீரன். "கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியும்" என்ற தொல்காப்பிய அடியிலும் பொருநராற்றுப்படையிலும் பொருநர் கலைஞர். வேடங்கொள்வோர் என்றும் விளக்கம் உண்டு. பொருதல் என்றால் போரிடுதல், பொருவுதல் என்றால் ஒத்தல். போரிடுவதும் இன்னொருவரைப் போல் ஆவதும் ஒரே வேரின் இரு கிளைகள் என்றே நான் நினைக்கிறேன். கிரேக்கர் எந்த இடத்தில் நின்று அந்தச் சொல்லை எடுத்தார்களோ, அதே இடத்தில் நம் சொல்லும் நிற்கிறது.

ஆகவே முதற்பொருநர், எதிர்ப்பொருநர். அடுத்த நிலைகளுக்கு இரண்டாம் பொருநர், மூன்றாம் பொருநர் என்று போகலாம்.

– அ.

---

அ. ஐயா, படித்ததும் மகிழ்ந்தேன். இந்த ஒற்றுமை இதுவரை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நாளை காலை வகுப்பில் கரும்பலகையில் 'முதற்பொருநர்' என்று எழுதினால், பொருநரை விளக்கவே அரைமணி போய்விடும். அப்புறம் கதைக்கு எப்போது வருவது? இன்னொன்று. கிரேக்க அரங்கில் ஒரே நடிகர் பல வேடம் போட்டார். இன்று நாம் தேடுவது நடிகருக்கான சொல்லை இல்லை, கதைக்குள் இருப்பவருக்கான சொல்லை.

– செ.

---

இதுவரை யாரும் தொடாத ஓர் இடத்தைச் சொல்கிறேன்.

ம.வின் சிக்கல் போற்றப்படுபவரும் செயலைத் தாங்குபவரும் வேறு வேறு என்பதுதானே? காதல் நிகழ்வுகளை வரிசையாகக் கோத்துப் பாடும் கோவை இலக்கியம் அதை எப்போதோ பிரித்துவிட்டது. பாட்டில் போற்றப்படும் பாட்டுடைத் தலைவன் ஒருவன், காதல் நிகழ்வில் வரும் கிளவித் தலைவன் இன்னொருவன். திருக்கோவையாரில் பாட்டுடைத் தலைவன் சிவபெருமான். 400 பாடல்களிலும் காதலித்து, தவித்து, தோழியிடம் கெஞ்சி நிற்பவன் பெயரில்லாத கிளவித் தலைவன். காப்பியத்துக்குத் "தன்னிகர் இல்லாத் தலைவனை" வேண்டும் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் பேசுவது ஹீரோவை. கிளவித் தலைவனோ நிகரில்லாதவனாக இருக்க வேண்டியதில்லை. அவன் ஆசைப்பட்டால் போதும்.

கிளவி இன்று எல்லாருக்கும் புரியாது என்பது தெரியும். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, அந்தப் பிரிவை எடுத்துக்கொள்ளலாம். ஹீரோவுக்குக் 'காப்பியத் தலைவர்' அல்லது 'நாயகர்', புரோட்டாகனிஸ்டுக்குக் 'கதைத்தலைவர்'.

– வே.

---

> 'கதைத்தலைவர்'

'தலைவர்' என்றாலே உயர்வு வந்து ஒட்டிக்கொள்கிறதே. திருடனும் கோழையும் கதைத்தலைவரா?

> 'கதைமாந்தர்' இருக்கும்போது அது எதற்கு?

இதற்கும் ஒரு தடை. மக்களைச் சுட்டுவதே உயர்திணை என்கிறது தொல்காப்பியம்: "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே." ஒரு நாயோ குதிரையோ கதையைத் தாங்கினால் அதை மாந்தர் என்பது எப்படி? 'பாத்திரம்' அஃறிணைச் சொல். மனிதர், விலங்கு, பேய், இயந்திரம் எதையும் தாங்கும். வடசொல் என்பதற்காக அதை விட்டால் அந்த வசதி போய்விடும்.

– ந.

---

அனைவருக்கும் நன்றி. வே. சொன்ன பிரிவை மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் சேர்க்கப்போகிறேன். இன்னொரு சொல் பாக்கி: 'கேரக்டரைசேஷன்'. பாத்திரப் படைப்பு என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

– ம.

---

ஆசிரியர் செய்யும் வேலைக்குச் சரி, வாசிப்பவர் செய்யும் வேலைக்குப் போதாது. "பாத்திரப் படைப்பை ஆராய்க" என்று தேர்வில் கேட்டால் கண்ணகி கற்புடையவள், பொறுமையுள்ளவள், துணிந்தவள் என்று குணங்களை அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது குணப்பட்டியல். படைப்பு எங்கே நடக்கிறது என்று பார்ப்பதே இல்லை. கணவனைத் திரும்பப் பெறப் பொய்கையில் மூழ்கிக் காமவேளைத் தொழலாம் என்று தோழி தேவந்தி சொல்லும்போது, "பீடு அன்று" என்று மட்டும் சொல்கிறாள் கண்ணகி. அவ்வளவுதான். பின்னால் "தேரா மன்னா" என்று பாண்டியன் அவையில் ஒலிக்கப்போகும் குரல் அந்த இரண்டு சொல்லிலேயே இருக்கிறது. இளங்கோ அவளைத் துணிச்சல்காரி என்று அங்கே சொல்லவில்லை. எதை மறுக்கிறாள் என்று காட்டுகிறார். பிள்ளைகள் அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அதனால் நேரடியாகச் சொல்வதைக் 'கூறல்' என்றும், பேச்சாலும் செயலாலும் உணர்த்துவதைக் 'காட்டல்' என்றும் பிரித்து எழுதுங்கள். இந்த இரண்டில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

– செ.

---

காட்டல் என்றால் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலையும் சேர்க்க வேண்டும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டும் உள்ளே இருப்பதை உடலில் படிக்கும் வழிகள்தாமே. தனி இழையாகத் தொடங்குகிறேன்.

– வே.

---

வியாழன் இரவு ஆகிவிட்டது. வந்த மடல்களை எண்ணிப் பார்த்தேன். மையப் பாத்திரத்துக்கு ஏழு பேர், கதைத்தலைவருக்கு மூவர், முதற்பொருநருக்கு இருவர், மாந்தருக்கு ஒருவர். முதன்மைப் பாத்திரமும் போதும் என்று இருவர் எழுதினார்கள். ஆனால் அதிக இடம் பெறுபவரெல்லாம் கதையைத் தாங்குபவர் இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் பெரும்பாலும் சொல்பவர் வாட்சன். அவர் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார், கதை அவருடையதில்லை.

நாளை அனுப்பப்போவது: புரோட்டாகனிஸ்டுக்கு மையப் பாத்திரம், ஹீரோவுக்கு நாயகர், ஆன்டி-ஹீரோவுக்கு எதிர்நாயகர். ஆன்டகனிஸ்டுக்கு 'எதிர்ப் பாத்திரம்'. எதிர்த்து நிற்பது ஆளாக இல்லாமல் ஊழாகவோ கடலாகவோ இருக்கும் இடத்தில் 'எதிர்விசை'. கூறலும் காட்டலும் அப்படியே.

– ம.

---

ம. அவர்களுக்கு, உங்கள் அவசரம் புரிகிறது, தடுக்கவில்லை. ஆனால் 'மையம்' ஓர் இடத்தைத்தான் சொல்கிறது. நடுவில் சும்மா உட்கார்ந்திருப்பதும் மையம்தான். கதையைத் தாங்குபவர் மோதுகிறார், பொருகிறார். அந்த வினை உங்கள் சொல்லில் இல்லை. அடுத்த பதிப்பு வரும்போது முதற்பொருநரை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அடிக்குறிப்பிலாவது ஓர் இடம் கொடுங்கள்.

– அ.

---

அடிக்குறிப்பு 14இல் சேர்த்துவிட்டேன் ஐயா. புறநானூற்று அடியோடு.

– ம.