டேகேர் வேலை: மனநிறைவைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கலாமா?

மணல்வீடு:
சம்பளம் கூட்டச் சொல்லிக் கேட்டோம். எங்கள் நிர்வாகி சொன்ன பதில்: "இது பணத்துக்காகச் செய்கிற வேலையா? மனசுக்காகச் செய்கிற வேலை இல்லையா?" நான் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளின் அறையில் இருக்கிறேன். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, மறுக்கவில்லை. அந்தப் பிடித்தத்தையே சம்பளத்தில் கழித்துக்கொள்வது நியாயமா என்பதுதான் கேள்வி. வேறு துறையில் ஒருவர் வேலையை விரும்பிச் செய்தால் அதற்காகவே அவருக்கு மதிப்புக் கூடுகிறது. இங்கே மட்டும் அது ஏன் தள்ளுபடி ஆகிறது? மையம் நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களும் பேசுங்கள்.

நேர்கோடு:
கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். மனநிறைவும் கூலியில் ஒரு பகுதிதான். ஆபத்தான, அருவருப்பான வேலைக்குக் கூடக் கொடுத்தால்தான் ஆள் வரும். விருப்பமான வேலைக்குக் குறைத்துக் கொடுத்தாலும் வரும். ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதி வைத்த விஷயம் இது. கொடுக்கிற சம்பளத்துக்கு ஆள் கிடைக்கும்வரை நிர்வாகி ஏன் கூட்ட வேண்டும்? இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. இப்படித்தான் நடக்கிறது என்கிறேன்.

பழைய மிஸ்:
ஆள் கிடைக்கிறார்கள், சரி. தங்குகிறார்களா? அதைப் பாருங்கள் நேர்கோடு சார். அமெரிக்காவில் 1988இல் ஐந்து பெருநகரங்களில் 227 மையங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். ஒரே வருடத்தில் 41 சதவீத ஊழியர்கள் வேலையை விட்டிருந்தார்கள். பிள்ளைகளோடு இருக்கும் வேலை அவர்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காதது சம்பளம். ஆள் அடிக்கடி மாறிய மையங்களில் குழந்தைகளின் பேச்சும் பழகும் திறனும் பின்தங்கியிருந்தன. கவனிப்பின் தரத்தை, வேலைச் சூழலில் உள்ள மற்ற எதையும்விட ஊழியர் சம்பளத்தை வைத்து நன்றாக ஊகிக்க முடிந்தது என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான்.

நீங்கள் சொல்கிற கணக்கில் மனநிறைவு உண்மையிலேயே கூலியாக இருந்தால், இவ்வளவு பேர் ஏன் ஓட வேண்டும்? நானும் ஓடியவள்தான். இப்போது ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கிறேன். பார்சல் அழுவதில்லை, சிரிப்பதும் இல்லை. ஆனால் மாசக் கடைசியில் யாரிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை.

வரவுசெலவு:
மையம் நடத்துகிறவன் பேசட்டும் என்றீர்கள், பேசுகிறேன். எல்லோரும் முதலாளி பணத்தை எங்கோ பதுக்கி வைத்திருப்பது போலவே நினைக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள்.

நாலு குழந்தைக்கு ஒரு ஆள் என்று வைத்துக்கொள்வோம். மையம் 10 மணி நேரம் திறந்திருக்கிறது, ஒரு ஆள் 8 மணி நேரம்தான் வேலை செய்வார். ஆக அந்த நாலு குழந்தைக்கு ஒன்றேகால் ஆள் வேண்டும். வரும் ஃபீஸில் மூன்றில் இரண்டு பங்கைச் சம்பளத்துக்கே ஒதுக்கினாலும், ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு குழந்தைகளின் ஃபீஸை விடச் சற்றே அதிகம். அதே பங்கிலிருந்துதான் சமையல், துப்புரவு, நிர்வாகம் பார்ப்பவர்களுக்கும் கொடுக்க வேண்டும். லீவு போட்டவருக்குப் பதிலாக வருபவருக்கும் அதிலிருந்துதான். கடைசியில் இரண்டு குழந்தைகளின் ஃபீஸ் அளவுக்குக்கூட வராது. மிச்சமுள்ள ஒரு பங்கு வாடகை, காப்பீடு, சாப்பாடு, பழுது என்று கரைந்துபோகும்.

இதில் எங்கே கை வைக்கச் சொல்கிறீர்கள்?

மணல்வீடு:
கணக்கைத் திறந்து காட்டியதற்கு நன்றி சார், எங்கள் நிர்வாகி இதைக்கூடச் செய்ததில்லை. உங்கள் கணக்கிலேயே ஒன்று தெரிகிறது பாருங்கள். அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள் இருந்தால், முழுச் சம்பளத்தையும் கொடுத்தாலும் இரண்டு பேரையும் அதே மையத்தில் சேர்க்க முடியாது.

ஆறுமணி அம்மா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் பெற்றோர் பக்கம். ஃபீஸை ஏற்றினால் நான் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். இப்போதே என் சம்பளத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. இவ்வளவு கொடுத்தும் என் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்குச் சரியாகக் கிடைக்கவில்லை என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. போன முறை மிஸ் மாறியபோது பிள்ளை பல நாள் வாசலிலேயே என் காலைக் கட்டிக்கொண்டு உள்ளே போக மறுத்தான்.

நேர்கோடு:
யார் மேலும் கோபப்பட வேண்டியதில்லை அம்மா. பொருளாதாரத்தில் பாமோல், போவன் என்ற இருவர் 1966இல் இதை விளக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இசைக் கலைஞர்களை. நாலு பேர் வாசிக்கிற ஒரு படைப்பை வாசிக்க நூறு வருடத்துக்கு முன்பும் நாலு பேர்தான், இன்றும் நாலு பேர்தான். தொழிற்சாலையில் ஒருவர் செய்யும் உற்பத்தி பல மடங்கு ஆகிவிட்டது, அங்கே சம்பளம் ஏறுகிறது. ஆளை இழுக்க இங்கேயும் ஏற்ற வேண்டும், ஆனால் ஏற்றிக் கொடுக்க உற்பத்தி கூடவில்லை. குழந்தையை மடியில் வைத்துத் தூங்கவைப்பதை வேகப்படுத்த முடியுமா? அதனால் ஃபீஸ் ஏறும், இல்லையென்றால் சம்பளம் தேங்கும்.

இன்னொன்று. வேலைத் திருப்தியைப் பற்றி ஹெர்ஸ்பெர்க் 1959இல் வெளியிட்ட ஆய்வின்படி, சம்பளம் குறைந்தால் அதிருப்தி வரும், ஆனால் சம்பளத்தை ஏற்றியதால் மட்டும் திருப்தி வந்துவிடாது. திருப்தி தருவது வேலையின் உள்ளடக்கம், அங்கீகாரம், பொறுப்பு. ஆக, சம்பளத்தைக் கூட்டினால் மணல்வீடு மகிழ்ச்சியாகிவிடுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மணல்வீடு:
ஹெர்ஸ்பெர்க் பேட்டி எடுத்தது பொறியாளர்களையும் கணக்காளர்களையும். அவர்களுக்குச் சம்பளம் இரண்டாம் பட்சம் என்று சொல்ல வசதி இருந்தது! சரி, அவர் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். சம்பளம் குறைந்தால் அதிருப்தி வரும் என்கிறாரே, அதுதானே நான் சொல்வதும்? எனக்கு மகிழ்ச்சியை யாரும் வாங்கித் தர வேண்டாம், அது அறைக்குள்ளேயே கிடைக்கிறது. அம்மா போனதும் உடைந்து அழுத குழந்தை கொஞ்ச நாளில் தானாகவே வந்து மடியில் உட்காரும். இன்னொருத்தியைக் கடித்துக்கொண்டிருந்தவன் ஒருநாள் கடிக்காமல் "எனக்கு" என்று வாயால் கேட்பான். அதை எந்தச் சம்பளமும் தராது, உண்மைதான்.

ஆனால் அதிருப்தி எங்கிருந்து வருகிறது தெரியுமா? குழந்தைகளிடமிருந்து வருவதே இல்லை. பிள்ளையை அழைத்துப் போகப் பெற்றோர் தாமதமாக வந்தால், அதற்கான அபராதத்தை மையம் வாங்கிக்கொள்ளும். கூட உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் இல்லை. சுவரில் ஒட்ட வேண்டிய படங்களை வீட்டில் வெட்டுகிறேன். எல்லாச் சளியும் காய்ச்சலும் எனக்கும் ஒட்டும், லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். நாள் முழுக்கக் குனிந்து தூக்கி இடுப்பு போய்விட்டது. நடுவில் செயலியில் போட்டோ ஏற்ற மறந்தால் பெற்றோரிடமிருந்து கேள்வி வருகிறது. (ஆறுமணி அம்மா, உங்களைச் சொல்லவில்லை.)

மூன்றாம் அறை:
எனக்கு இந்தப் பேச்சில் ஒன்று உறுத்துகிறது. நானும் டேகேர்தான், ரொம்ப வருடமாக இருக்கிறேன், போகிற எண்ணம் இல்லை. ஆனால் எல்லோரும் எங்களைப் "பாவம்" என்கிற தொனியில் பேசுவது பிடிக்கவில்லை. அந்தத் தொனிதான் இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற எண்ணத்தை வளர்க்கிறது. பேசத் தொடங்காத குழந்தைக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பது திறமை ஐயா. கருணை மட்டும் போதாது அதற்கு.

அப்புறம், சம்பளத்தை விட எனக்கு முக்கியம் ஒரு ஆளுக்கு எத்தனை குழந்தை என்பது. இங்கிலாந்தில் 2023 செப்டம்பரில் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு நாலுக்கு ஒருவர் என்றிருந்த விதியை ஐந்துக்கு ஒருவர் என்று தளர்த்தினார்கள். வரவுசெலவு சாரின் கணக்கு அதனால் சரியாகிவிடும், இல்லையா? ஆனால் ஐந்தாவது குழந்தை வந்தால் நான் யாரையும் பார்த்துக்கொள்ள மாட்டேன், வெறுமனே எண்ணிக்கொண்டிருப்பேன். சம்பளத்தை ஏற்றி அறையில் இன்னும் ஒரு குழந்தையைச் சேர்த்தால், அன்றைக்கு நானும் கிளம்பிவிடுவேன்.

பழைய மிஸ்:
மூன்றாம் அறை அக்கா சொல்வது சரி, ஆனால் சம்பளம் இரண்டாவது என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2019இல் ஒரு சோதனை நடந்தது. சில மையங்களின் ஊழியர்களுக்கு, எட்டு மாதம் தங்கினால் மூன்று தவணையாக மொத்தம் 1,500 டாலர். யாருக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். பணம் கிடைக்காத டேகேர்களில் 30 சதவீதம் பேர் போய்விட்டார்கள். கிடைத்தவற்றில் அது பாதியாகி 15 சதவீதமானது. குழந்தையும் அதே, அறையும் அதே. மாறியது பணம் மட்டும்.

நேர்கோடு:
தங்கினால்தான் பணம் என்றால் தங்கத்தான் செய்வார்கள். எட்டு மாதம் தாண்டி என்ன ஆனது என்பதுதான் கேள்வி. அதோடு, தங்கியவர்கள் திருப்தியோடு தங்கினார்களா என்பதையும் இந்த எண்ணிக்கை சொல்லாது. அதே சோதனையில் பள்ளிகளோடு இணைந்த வகுப்புகளில் இந்தப் பணம் ஒரு மாற்றத்தையும் தரவில்லை, அதையும் சொல்லுங்கள்.

பழைய மிஸ்:
சொல்கிறேனே! அங்கே ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே நல்ல சம்பளம், ஆள் போவதும் குறைவு. தாகம் உள்ளவனுக்குத்தான் தண்ணீர் வேலை செய்யும். உங்கள் எதிர்வாதம் என் பக்கம்தான் நிற்கிறது சார்.

வரவுசெலவு:
கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் சண்டையில்லை, யார் கொடுப்பது என்பதுதான் சண்டை. ஆறுமணி அம்மாவால் முடியாது, என்னாலும் முடியாது. மீதி இருப்பது அரசு. கனடாவின் கியூபெக்கில் 1997இல் பெற்றோருக்கு நாளுக்கு 5 டாலர் என்று நிர்ணயித்து மிச்சத்தை அரசு ஏற்றது. ஆஸ்திரேலியாவில் 2024 டிசம்பரில் ஊழியருக்கு 10 சதவீதமும் அடுத்த வருடம் 5 சதவீதமும் கூட்ட அரசு பணம் கொடுத்தது. அதைப் பெறும் மையம் ஃபீஸைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்களில் சிலர் இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டிருப்பார்கள், ஒப்புக்கொள்கிறேன்.

நேர்கோடு:
கியூபெக்கை முழுசாகச் சொல்லுங்கள். ஃபீஸ் குறைந்ததும் கூட்டம் அலைமோதியது. 2008இல் மூன்று பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளின் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியிருந்ததாக வந்தது. அரசுப் பணம் வந்தால் தரம் தானாக வராது.

ஆறுமணி அம்மா:
தானாக வராது, சரி. சம்பளத்தைக் குறைத்தால் மட்டும் வருமா சார்? இனி மையம் தேடும்போது சுவர் ஓவியத்தையும் விளையாட்டுச் சாமானையும் பார்க்கப் போவதில்லை. இந்த அறையில் இருப்பவர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேட்பேன். அப்புறம், நான் தாமதமாக வந்தால் கட்டும் அபராதம் கூட உட்கார்ந்தவருக்குப் போகிறதா என்றும் கேட்பேன். அது இப்படிப் போகிறது என்று எனக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

வரவுசெலவு:
அபராதத்தை ஊழியருக்கே கொடுப்பதில் எனக்குப் பெரிய சிக்கல் இல்லை. வீட்டில் செய்யும் தயாரிப்பு வேலைக்கு வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கலாம், குழந்தைகள் தூங்கும் நேரத்தில் ஒருவரை மாற்றி விட்டால் முடியும். சம்பளத்தோடு நோய் விடுப்புக்கு மட்டும் அவகாசம் கொடுங்கள், மாற்று ஆளுக்குப் பணம் பார்க்க வேண்டும்.

மணல்வீடு:
அவகாசம் எவ்வளவு என்று சொல்லுங்கள் சார். முதல் இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மூன்றாவதற்கு ஒரு தேதி போடுங்கள். உங்கள் மையத்தில் ஒட்டியதை ஒரு போட்டோ எடுத்து இங்கே போட்டால், அதை எங்கள் நிர்வாகியிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

மூன்றாம் அறை:
நாலுக்கு ஒருவர் என்பதையும் அதே தாளில் சேர்க்கச் சொல்லுங்கள்.