புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியை நீக்கியது சரியா?

வெள்ளாறு:
1951-52 தேர்தலில் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் முத்துசாமி வல்லத்தரசில் தொடங்கி 2004-ல் தி.மு.க.வின் ரகுபதி வரை, 14 பொதுத்தேர்தல்களில் புதுக்கோட்டை என்ற பெயரில் ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. 2008 மறுவரையறையில் (தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்தபோது) அது காணாமல் போனது. மாவட்டத்தின் சட்டமன்றத் தொகுதிகள் இப்போது நான்கு மக்களவைத் தொகுதிகளில் துண்டாகக் கிடக்கின்றன: புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி ராமநாதபுரத்தில், விராலிமலை கரூரில். எந்த மக்களவைத் தொகுதியிலும், அதன் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் நம் மாவட்டம் இரண்டைத் தாண்டவில்லை. இதை நியாயம் என்று யாராவது வாதாட முடியுமா?

எல்லைக்கல்:
முடியும். முதலில், அது மாவட்டத் தொகுதியாகவே இருந்ததில்லை. நீக்கப்பட்ட சமயத்தில் அதன் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: குளத்தூர் (தனி), புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, பேராவூரணி. கடைசி இரண்டும் தஞ்சாவூர் மாவட்டம். திருமயம் அப்போதே சிவகங்கையில்தான் இருந்தது. அதற்கு அன்று யாரும் கொடி பிடிக்கவில்லை.

வெள்ளாறு:
அது 1976 மறுவரையறை ஆணையின் வரைபடம். 2008-ல் நிலைமை வேறு. மாவட்டத்தில் ஐந்தாக இருந்த சட்டமன்றத் தொகுதிகள் ஆறாயின. குளத்தூர் போய் கந்தர்வகோட்டையும் விராலிமலையும் வந்தன. தமிழ்நாட்டில் 234-ஐ 39-ஆல் வகுத்தால் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு. நம் மாவட்டத்தில் சரியாக ஆறு! கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அப்படியே ஒன்றாக்கியிருக்கலாம்.

மக்கள்தொகையும் இடிக்காது. 2001 கணக்கெடுப்பில் மாவட்டம் 14,59,601. மாநிலத்தின் 6,24,05,679-ஐ 39-ஆல் வகுத்தால் சுமார் 16 லட்சம். குறைவு 9 சதவீதத்துக்குள். மறுவரையறை ஆணையம் வைத்துக்கொண்ட வரம்போ 10 சதவீதம்.

எல்லைக்கல்:
உங்கள் மாவட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் கணக்கு அழகாகத்தான் இருக்கும். அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்றைய திருச்சி, கரூர், பெரம்பலூர், சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து தொகுதிகளிலும் மொத்தம் 30 சட்டமன்றத் தொகுதிகள். உங்கள் ஆறை உருவினால் மிச்சம் 24, அதாவது நான்கு எம்.பி. ஐந்தில் ஒன்று சாக வேண்டும். எது? சிவகங்கை மாவட்டத்துக்கு நான்கு, ராமநாதபுரம் மாவட்டத்துக்கு நான்கு. ஏற்கெனவே விருதுநகர் மாவட்டத்திலிருந்து வாங்கிய திருச்சுழியைச் சேர்த்தால் ஒன்பது. இது ஒன்றரை எம்.பி. தொகுதி. வடக்கே திருச்சி, கரூர், பெரம்பலூரில் மிச்சம் 15, இரண்டரை. இந்த இரண்டு அரைகளையும் ஒட்டலாம் என்றால் நடுவில் புதுக்கோட்டை மாவட்டம் படுத்திருக்கிறது. ஒட்டாது. ஆகவே தெற்கே மூன்றை விருதுநகர், மதுரைப் பக்கம் தள்ள வேண்டும். அங்கிருந்து வேறு மூன்று எங்கோ போகும். இப்படியே மாநிலம் முழுக்க உருளும்.

இன்னொன்று. 14,59,601-ஐ சட்டமன்றத் தொகுதி சராசரியான 2,66,691-ஆல் வகுத்தால் 5.47 வரும். கிடைத்தது ஆறு. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு (11,87,604) 4.45 வந்தது, கிடைத்தது நான்கு. ஆறு என்ற உங்கள் பிடிமானமே கொஞ்சம் தாராளமாக வந்ததுதான்.

பழைய கெஜட்:
இருவருமே '1951-லிருந்து 2004 வரை' என்று ஒரே தொகுதி போலப் பேசுகிறீர்கள். பெயர்தான் ஒன்று, பரப்பு ஒன்றல்ல. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3-ல் இந்தியாவோடு இணைந்தபோது திருச்சி மாவட்டத்தோடு சேர்ந்தது. தனி மாவட்டம் 1974 ஜனவரி 14-ல்தான் வந்தது. அதாவது முதல் ஐந்து தேர்தல்களில் புதுக்கோட்டை மாவட்டம் என்று ஒன்றே கிடையாது. இந்தத் தொகுதியில் 1962-ல் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியிலும் 1967-ல் மார்க்சிஸ்ட் கட்சியிலும் ஆர். உமாநாத் வென்றார், 1984, 1989, 1991 மூன்றிலும் காங்கிரசின் சுந்தரராஜ் வென்றார். இடையில் 1976 ஆணை வந்து எல்லைகளை மாற்றிவிட்டது. இந்த இரண்டு காலத்தின் வாக்கு சதவீதத்தையும் ஒரே வரைகோட்டில் போட்டு 'தொகுதி இடதுசாரிகளிடமிருந்து காங்கிரசுக்கு நகர்ந்தது' என்று எழுதினால் அது ஆய்வு இல்லை. அந்தந்த ஆணையின் இணைப்பில் பிர்க்கா (தாலுகாவின் உட்பிரிவு), கிராமம் வாரியாகப் பட்டியல் இருக்கும். முதலில் அதைச் சரிபார்த்து, இரண்டு காலத்துக்கும் பொதுவான பகுதியை மட்டும் ஒப்பிட வேண்டும்.

தரவு எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 2006 வரை 'கொளத்தூர்' என்று வருவது இந்தக் குளத்தூர் (தனி). 2011 முதல் வருவது சென்னைக் கொளத்தூர். கணினியில் பெயரை வைத்துக் கோத்தால் இரண்டும் ஒரே தொகுதியாகிவிடும். இந்தக் குளறுபடியோடு அட்டவணைகள் உலவுகின்றன.

திருவப்பூர்:
முழுத் தொகுதி கேட்டால்தானே மாநிலம் உருளும்? சின்னத் திருத்தம் போதுமே. கரூர் மாவட்டத்துக் குளித்தலையைப் பெரம்பலூருக்குக் கொடுத்துவிட்டு, திருச்சியிலிருந்து 30 கிலோமீட்டரில் இருக்கும் விராலிமலையைக் கரூருக்கு இழுத்ததில் என்ன தர்க்கம்? குளித்தலை கரூருக்கு, விராலிமலை திருச்சிக்கு, திருச்சியிலிருந்து ஒன்று பெரம்பலூருக்கு. மூன்றுக்கும் ஆறு ஆறாகவே நிற்கும்.

எல்லைக்கல்:
அந்த 'ஒன்று' எது என்று ஏன் சொல்லவில்லை? எல்லை ஒட்ட வேண்டுமானால் ஸ்ரீரங்கம் அல்லது திருவெறும்பூர். மாநகராட்சிக்குள் இருக்கும் ஸ்ரீரங்கத்தைத் திருச்சி எம்.பி. தொகுதியிலிருந்து பிரிக்கிறேன் என்று ஆணையத்தின் பொது விசாரணையில் சொல்லிப் பாருங்கள்.

திருவப்பூர்:
திருவெறும்பூர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றைத் தாண்டினால் லால்குடி.

எல்லைக்கல்:
பெல் தொழிற்சாலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் இருக்கும் இடத்தை விட்டுக்கொடுக்கத் திருச்சியில் எந்தக் கட்சி சம்மதிக்கும்? ஆனால் கணக்கு இடிக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளாறு:
'கொடி பிடிக்கவில்லை' என்றீர்கள். தொகுதி நீக்கத்தை எதிர்த்து 2009-ல் 49-ஓ (யாருக்கும் வாக்கில்லை என்று பதிவு செய்ய வழிவிட்ட தேர்தல் விதி) போடச் சொல்லி இங்கே பிரசாரம் நடந்தது. நோட்டா வந்தது 2013-ல். அதற்கு முன் 49-ஓ என்றால் வாக்குச்சாவடி அதிகாரியிடம் வாயைத் திறந்து சொல்லி, 17-ஏ வாக்காளர் பதிவேட்டில் குறிப்பு எழுதச் செய்து கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் எல்லாக் கட்சி முகவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். ரகசியமே இல்லாத அந்த எதிர்ப்பைத் தெரிந்தே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்.

நடைமுறை இழப்பும் உண்டு. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி; அதை ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குப் பிரிக்கும்போது, ஒரே ஒரு தொகுதியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அறந்தாங்கியும் விராலிமலையும் வரிசையில் எங்கே நிற்கும்? அரசியல்வாதிகளின் பயணத்தையும் பாருங்கள். 1999-ல் புதுக்கோட்டையில் வென்ற திருநாவுக்கரசர் 2009-ல் ராமநாதபுரத்தில் நின்று தோற்று, 2019-ல் திருச்சியில் வென்றார். சொந்த மாவட்டத்தில் நிற்க மக்களவைத் தொகுதி இல்லை.

எல்லைக்கல்:
நான்கு எம்.பி.க்களிடம் மனு கொடுக்கலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

வெள்ளாறு:
நான்கு பேரிடம் கொடுக்கலாம். நான்கு பேருமே 'அது இன்னொருத்தர் பகுதி' என்றும் சொல்லலாம்.

பழைய கெஜட்:
வழக்குப் போட்டு இதை மாற்ற முடியும் என்று யாராவது கிளம்புவதற்கு முன்: அரசியலமைப்பின் 329 (அ) பிரிவும், மறுவரையறைச் சட்டத்தின் 10-வது பிரிவும் வாசலைப் பெரும்பாலும் அடைத்திருக்கின்றன. 1966-ல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. எல்லை மாற வேண்டுமானால் வரைவு நிலையிலேயே மாற வேண்டும். 2002 மறுவரையறைச் சட்டப்படி மாநிலத்துக்கு ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. ஆணையத்தின் இணை உறுப்பினர்கள், வாக்குரிமை இல்லை, ஆனால் மாற்றுக் கருத்தை வரைவோடு சேர்த்து வெளியிடச் செய்யலாம். அதன் பிறகுதான் பொது விசாரணை. அங்கே 'எங்கள் தொகுதியைத் திருப்பிக் கொடுங்கள்' என்ற மனு குப்பைக்குத்தான் போகும். சுற்றியுள்ள ஐந்து தொகுதிகளுக்கும் சேர்த்து, ஆறு ஆறாக அடுக்கி, ஒவ்வொன்றின் மக்கள்தொகையும் எழுதிய வரைபடத்தைத்தான் வைக்க வேண்டும். திருவப்பூர் சொன்ன மூன்று தொகுதி மாற்றத்தை அப்படித் தயாரிக்கலாம். வெள்ளாறின் முழுத் தொகுதிக்கு எல்லைக்கல் கேட்ட கேள்விக்கு, அதாவது தெற்கே மிஞ்சும் மூன்று எங்கே போகும் என்பதற்கு, இந்த இழையில் இன்னும் பதில் வரவில்லை.

வெள்ளாறு:
அருப்புக்கோட்டை, மானாமதுரைப் பக்கமிருந்து வரைந்து பார்க்கிறேன். மதுரை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகள் இப்போது மதுரை, தேனி, விருதுநகர் மூன்றிலும் சிதறிக் கிடக்கின்றன. அங்கே ஏதாவது இடம் கிடைக்கும்.