யாரோ வளர்த்து விட்டுப்போன சதைப்பற்றுச் செடிகள்: தொட்டி மாற்றுவதை எங்கிருந்து தொடங்குவது?

மாடிப்படி
வணக்கம். எங்கள் மேல்மாடியில் குடியிருந்தவர்கள் வீடு மாறிப் போகும்போது சில தொட்டிகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாம் சதைப்பற்றுச் செடிகள். வாங்கிய நாளிலிருந்து மண்ணை மாற்றியதே இல்லையாம். பார்த்தாலே தெரிகிறது.

எச்சிவேரியாவின் தண்டு ஒரு சாணுக்கு மேல் நீண்டு வளைந்து கிடக்கிறது. நுனியில் மட்டும்தான் இலைக்கொத்து இருக்கிறது. கீழே முழுவதும் காய்ந்த சருகு, இடையிடையே இளஞ்சிவப்பு நிறத்தில் மெல்லிய வேர்கள் தொங்குகின்றன. கற்றாழை கன்று போட்டுப் போட்டு பிளாஸ்டிக் தொட்டியே ஒரு பக்கம் உப்பிவிட்டது. ஹாவோர்த்தியா விரல் பட்டாலே ஆடுகிறது. ஜேட் செடி முழங்கால் உயரம், தலை கனத்துச் சாய்ந்து நிற்கிறது. தண்ணீர் ஊற்றினால் ஓரமாக இறங்கி நொடியில் அடித்துளை வழியே வந்துவிடுகிறது. நடுவில் மண் கெட்டித்துப் போயிருக்கிறது.

நன்றாகத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, எல்லாவற்றையும் பெரிய தொட்டிகளுக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே? அடியில் ஜல்லி போட வேண்டுமா?

பசுங்கூரை
ஜல்லி அவசியம் போடுங்கள், இரண்டு விரற்கடை உயரத்துக்கு. அப்போதுதான் தண்ணீர் வடியும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

கள்ளித்தோட்டம்
பெரிய தொட்டி வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு. இந்தச் செடிகள் சாவது பெரும்பாலும் பட்டினியால் அல்ல, அளவுக்கு மீறிய உபசாரத்தால். மேலே தெரியும் இலையைப் பார்த்துத் தொட்டியின் அளவை முடிவு செய்யாதீர்கள். வெளியே எடுத்து வேரைப் பாருங்கள், அது சொல்லும். வேர் செழிப்பாக இருந்தால் வேர் உருண்டையைவிட ஓர் அங்குலம், மிஞ்சிப்போனால் இரண்டு அங்குலம் அகலமான தொட்டி போதும். வேர் அழுகிக் குறைந்திருந்தால் இப்போது இருப்பதைவிடச் சிறிய தொட்டிக்கே போக வேண்டியிருக்கும். வேர் எட்டாத மண்ணில் நிற்கும் ஈரத்தைக் குடிக்க ஆளில்லை. அது அங்கேயே தங்கி வேரைக் கெடுக்கும்.

தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுப்பதும் வேண்டாம். உலர்ந்த மண் தட்டினாலே உதிரும். ஈர மண் வேரோடு ஒட்டிக்கொண்டு அறுத்துக்கொண்டு வரும். தண்ணீர் ஓரமாக ஓடிவிடுகிறது என்கிறீர்களே, பீட் பாசி (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) கலந்த நாற்றங்கால் மண்ணாக இருக்கும். அது முற்றிலும் காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகும், தண்ணீரையும் ஏற்காது. மெல்லிய குச்சியால் கீழிருந்து மேலாகக் குத்திக் குத்தி உடையுங்கள். எதற்கும் மசியாவிட்டால் மட்டும் கட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் கரையுங்கள். அப்படிச் செய்தால் வேரை நிழலில் சில நாள் வெறுமனே காயவிட்ட பிறகே நட வேண்டும்.

வேர் உருண்டையின் நடுவில் கட்டாயம் விரலை விட்டுப் பாருங்கள். நாற்றங்காலில் குச்சியாக நட்டபோது சுற்றிய சிறு வலைப்பை பல செடிகளில் அப்படியே இருக்கும். வேர்கள் அதன் கண்ணிகளில் மாட்டி நெரிந்து கிடக்கும். சிறு கத்தரியால் வெட்டித் துண்டு துண்டாக உருவிவிடுங்கள். நாலைந்து வேர் போனாலும் பரவாயில்லை.

நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ இருக்கும், மெல்ல இழுத்தால் தாங்கும். அழுகிய வேரை இரு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு கையோடு வரும், உள்ளே மயிரிழை போல ஒரு நரம்பு மிஞ்சும். அதையெல்லாம் நல்ல திசு தெரியும்வரை வெட்டிவிடுங்கள். வேரிடையே வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அது மாவுப்பூச்சி. வேரை நன்றாகக் கழுவி, பழைய மண்ணை வேறெந்தச் செடிக்கும் கொடுக்காமல் குப்பையில் போடுங்கள்.

எச்சிவேரியாவின் நீண்ட தண்டு இனி ஒருபோதும் குறுகாது. வெளிச்சம் போதாமல் நீண்டது அது. தலையை வெட்டத்தான் வேண்டும். மனம் வராது, தெரியும். ஆனாலும் வெட்டுங்கள். இலைக்கொத்துக்குக் கீழே ஓர் அங்குலம் தண்டு விட்டு, சுத்தமான கத்தியால் ஒரே வெட்டு. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை, ஏறக்குறைய ஒரு வாரம், நிழலில் வெறுமனே வையுங்கள். பிறகு உலர்ந்த கலவையின் மேல் உட்காரவைத்தால் வேர் விடும். கீழ்த்தண்டையும் எறியாதீர்கள். சருகை உரித்துவிட்டு வெளிச்சத்தில் வைத்தால் இலைத் தழும்புகளிலிருந்து புதுக் குருத்துகள் வெடிக்கும், பார்க்கவே அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும். நீங்கள் சொன்ன இளஞ்சிவப்பு நூல்கள் காற்று வேர்கள், நோய் அல்ல. இலைமேல் படிந்த வெண்ணிற மெழுகை மட்டும் கையால் தேய்க்காதீர்கள். அழிந்தால் அந்த இலையில் மீண்டும் வராது.

கற்றாழையைத் தொட்டியிலிருந்து பிடுங்காதீர்கள். உப்பிய பிளாஸ்டிக்கைக் கத்தியால் கீறித் திறந்துவிடுங்கள், தொட்டிதானே போகிறது. சொந்த வேர் விட்ட கன்றுகளைப் பிரித்து நடலாம், வேரில்லாத பொடிக் கன்றுகள் தாயோடு இருக்கட்டும். எச்சிவேரியாவின் ஒற்றை இலையிலிருந்து செடி வரும். கற்றாழை இலை அழுகத்தான் செய்யும், முயற்சி செய்ய வேண்டாம்.

ஜேட் செடிக்குக் கனமான மண்தொட்டி. கிளைகளில் மோதிரம் போட்டதுபோல் வரிகள் தெரியும், அந்த வரிக்குச் சற்று மேலே வெட்டினால் அங்கிருந்து பக்கக் கிளைகள் பிரியும். உயரம் குறைந்து அடிமரம் தடிக்கும், சாய்வதும் நிற்கும். வெட்டிய கிளைகளும் நட்டால் வேர் பிடிக்கும்.

கலவையில் பாதி சாதாரணத் தொட்டி மண், பாதி பெர்லைட் (சூட்டில் பொரிந்த லேசான வெண்கல் துகள்), பியூமிஸ் (நுண்துளைகள் நிறைந்த எரிமலைக் கல்) அல்லது 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையான சிறு கற்கள். பொடி மணல் கூடாது, அது இடுக்குகளை அடைத்துவிடும்.

பசுங்கூரை அவர்களே, ஜல்லி விஷயத்தில் மட்டும் நான் வேறு கருத்து கொண்டவன். நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் கீழே உள்ள கரடான கல்லுக்குள் எளிதில் இறங்காது. மேல் மண் தெவிட்டத் தெவிட்ட நனைந்த பிறகே சொட்டும். அந்த ஈர அடுக்கு இரண்டு விரற்கடை மேலேறி வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தக் கல்லையே மண்ணோடு கலந்துவிட்டால் முழுத் தொட்டியும் வடியும். அடித்துளை மேல் ஒரு சிறு வலைத்துண்டு போதும்.

பசுங்கூரை
என் தொட்டிகளில் பிரச்சினை வந்ததில்லை. ஒருவேளை என் கலவையிலேயே கல் அதிகம் என்பதாலோ என்னவோ. அடுத்த முறை ஜல்லி இல்லாமல் ஒரு தொட்டி வைத்துப் பார்க்கிறேன்.

நிழல்வலை
ஒன்றைச் சேர்க்கிறேன். மாற்றிய கையோடு உச்சி வெயிலில் வைத்துவிடாதீர்கள். நிழலில் நீண்ட செடியின் இலை நேரடி வெயிலுக்குப் பழகியிருக்காது. ஒரே மதியத்தில் வெளிறிக் கருகும், அந்தத் தழும்பு ஆறாது. காலை இளவெயிலில் தொடங்கி, இரண்டு வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அடைமழை நாட்களும் கடும் வெப்ப நாட்களும் தவிர்த்த பருவம் தொட்டி மாற்ற உகந்தது.

மாடிப்படி
ஐயா, மிகுந்த நன்றி. எச்சிவேரியாவின் நடுவே நீங்கள் சொன்ன வலைப்பை அப்படியே இருந்தது! ஹாவோர்த்தியாவைத் தூக்கினேன், வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் காய்ந்த உள்ளீடற்ற சில குழல்கள் மட்டும். இலைகள் சுருங்கியிருந்தாலும் நடுக்குருத்து கெட்டியாகவே இருக்கிறது. இது பிழைக்குமா?

கள்ளித்தோட்டம்
நடுக்குருத்து கெட்டியாக இருந்தால் பிழைக்கும், தைரியமாக இருங்கள். ஹாவோர்த்தியா பழைய வேரை உதிர்த்துவிட்டுப் புதியது விடும் இனம். அந்தக் காய்ந்த குழல்களை நீக்கிவிடுங்கள். அடி இலைகளில் கூழாகிப் போனவற்றைப் பக்கவாட்டில் அசைத்து உரித்தெடுங்கள், அடித்தண்டில் வெளிர்நிற வளையம் தெரிய வேண்டும்; பழுப்போ கருப்போ தெரிந்தால் நல்ல நிறம் வரும்வரை மெல்லச் சீவுங்கள். நாலைந்து நாள் உலரவிட்டு, செடியைவிடச் சற்றே அகலமான சிறு தொட்டியில் அடி மட்டும் பதியும்படி வையுங்கள். ஆடாமல் இருக்கச் சுற்றிலும் சில கூழாங்கல்.

முதல் தண்ணீர் ஒரு வாரம் கழித்து, அதுவும் தொட்டி ஓரத்தில் சிறிதளவு. இலைகள் இன்னும் சுருங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்றாதீர்கள். குடிக்க இன்னும் வேர் இல்லை. சில வாரங்கள் சென்று இலையை லேசாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். செடி எதிர்த்து நின்றால் வேர் பிடித்துவிட்டது, அதன்பின் தொட்டி முழுதும் நனைய ஊற்றி, அடுத்த தண்ணீருக்குள் நன்றாகக் காயவிடலாம்.